பறிமுதல் செய்த பையும் பதிலுக்குக் கொடுத்த பையும்

உங்கள் கையில் ஒரு கட்டு மஞ்சள் பையைக் கொடுத்து ஜீப்பில் ஏறச் சொல்வார்கள். ஏறுங்கள். ஆனால் ஏறுவதற்கு முன் கட்டைப் பிரித்து ஒரு பையை உருவி, அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் அது துணி. சுருங்கி, உருகி, சொட்டினால் பிளாஸ்டிக். இதைச் செய்துவிட்டு ஏறுங்கள் என்று உங்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். உறுதிமொழியை எப்படி வாசிப்பது, பேனரை எந்தப் பக்கம் பிடித்தால் படத்தில் எழுத்து தெரியும் என்பதையெல்லாம் சொல்லித்தருவார்கள்.

நீங்கள் இப்போது பரப்புரையாளராகச் சேர்ந்திருக்கும் பேரூராட்சியில், உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில், கொஞ்ச காலத்துக்கு முன்புவரை நான் உட்கார்ந்திருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டின் மேல் இருக்கும் ஊர் என்பது உங்களுக்கே தெரியும். ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி அனுபவம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. இடுப்பில் குழந்தை இருக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டால் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டுவிடுவேன். அந்தப் புத்தி எனக்கு உண்டு. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். மூடித்தான் இருக்கும். அதற்குள் பஸ் போயிருக்கும்.

பெரம்பலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தேன். பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவள் அழுவது தெருமுனைவரை கேட்க, கேட்காதது மாதிரி நடந்து வருவேன். வந்து தெருத் தெருவாகப் பெண்களை உட்காரவைத்துப் பேசுவேன். வாங்குவதைக் குறையுங்கள், வாங்கியதைத் திரும்பப் பயன்படுத்துங்கள், பிளாஸ்டிக் பையை விடுங்கள், துணிப்பைக்கு மாறுங்கள். அரசின் கொள்கை அது. நல்ல கொள்கை. நான் அதை மனதார நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நம்பாதவளாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அப்படி ஒரு தெருக்கூட்டத்தில்தான் மலர்க்கொடி அக்காவைப் பார்த்தேன். முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை. முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு இரண்டு கை விரல்களும் கறுத்துப்போயிருக்கும். கணவர் இல்லை. தம்பி சிமென்ட் லாரி ஓட்டுகிறார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, பொண்ணு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடிக்கணும். நீ பேசுனத கேட்டதும் ஒரு பயம் வந்துடுச்சி. எந்தப் பை அடிச்சா தப்பில்ல?"

"துணிப்பை அடிங்கக்கா. அதுல ஒரு தொந்தரவும் கிடையாது."

அவ்வளவுதான் பேச்சு. என் கையிலிருந்த துண்டுப் பிரசுரத்திலும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. துணிப்பை. கடைக்குப் போய்த் துணிப்பை என்று கேட்டால் என்னத்தை எடுத்துப் போடுவார்கள் என்று அந்தப் பிரசுரத்தை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. நூலும் தறியும் இல்லாமல், பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக இழுத்துச் சூட்டில் அழுத்தினால் துணி மாதிரியே ஒரு தாள் வரும். கடைக்காரர்கள் 'நான்-ஓவன்' என்பார்கள். வாங்குகிற சனம் துணிப்பை என்றுதான் சொல்லும். அது தடைப் பட்டியலில் இருக்கிறது. அதைச் செய்கிற மெஷின் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கல்யாண நாள் வந்தது. பெரிய முகூர்த்தம், எங்கள் ஊரில் எல்லா மண்டபத்திலும் மேளம். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் எங்களுக்கு வேலை. பாப்பாவுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுக்கும் நேரத்தை மாமியாரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி இன்னொரு தடவை போன் செய்தேன். "நானும் புள்ள பெத்தவதாம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

அலுவலகத்தில் செயல் அலுவலர் போனைப் பார்த்தபடி உலாத்திக்கொண்டிருந்தார். மாவட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் பக்கத்துப் பேரூராட்சிக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிடித்த பிளாஸ்டிக்கோடு நின்று படம் போட்டிருந்தார்கள். எங்கள் படம் இன்னும் போகவில்லை.

"மதியத்துக்குள்ள நம்ம படம் போயாகணும். ஏறும்மா."

"கடைத்தெருவுக்கா சார்?"

"கடைக்காரன்லாம் ஞாயித்துக்கிழம பூட்டிட்டுப் போயிருப்பான். மண்டபத்துக்குப் போவோம். அங்கதான் ஒரே எடத்துல மொத்தமா கெடக்கும்."

ஊரில் அன்றைக்குப் பெரிய வீட்டுக் கல்யாணங்களும் நடந்தன. அந்த மண்டபங்களின் வாசலில் கார் நின்றது, கட்சிக்கொடி நின்றது. ஜீப் அவற்றைத் தாண்டிப் போனது. மலர்க்கொடி அக்கா எடுத்திருந்த மண்டபத்தின் வாசலில் ஒரு லாரியும் இரண்டு ஷேர் ஆட்டோவும்தான் நின்றன. ஜீப் அங்கே திரும்பியது. இதை நான் அப்போதே கவனித்தேனா, பிறகு யோசித்தபோதுதான் பட்டதா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

மலர்க்கொடி அக்காவின் தெருக்காரர்களுக்கு அந்த மண்டபத்தைக் கொடுக்க ஆரம்பித்ததே சமீபத்தில்தான். அதுவரை அவர்கள் வீட்டுக் கல்யாணம் தெருவில் பந்தல் போட்டுத்தான் நடக்கும். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது தாலி கட்டியாகிவிட்டது, பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசலருகே மேசை போட்டு நான்கைந்து பெண்கள் தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸ் நிறப் பை. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வரிசையாக வர ஆரம்பித்திருந்தார்கள். செயல் அலுவலர் ஒரு பையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நான்-ஓவன். எல்லாத்தையும் கொட்டச் சொல்லு. தேங்கா அவங்களுக்கு, பை நமக்கு."

மேசையருகே நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் தாம்பூலம் வாங்கிவிட்டவர்கள் அதைத் திருப்பி வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் நின்றார்கள். தாம்பூலத்தைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் அம்மா பந்தியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன சம்பந்தி, ஜீப்லாம் வந்திருக்கு? பையக்கூட ஒழுங்கா பாத்து வாங்க மாட்டீங்களா? எங்க சனம் நாலு ஊர்லேருந்து வந்திருக்கு. வெறுங்கையோட அனுப்பப் போறீங்களா?"

மலர்க்கொடி அக்கா பட்டுப்புடவையில் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இன்னும் அந்த முகம்தான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. தெரிந்த பெண் இருக்கிறாள், இவள் சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி.

"ஏம்மா, நீயே சொல்லும்மா சார்கிட்ட. நீ சொன்ன மாதிரிதானே துணிப்பை அடிச்சோம்? எழுத்துகூடப் போடச் சொன்னேனே."

பையைத் திருப்பிக் காட்டினார். பொண்ணு மாப்பிள்ளை பெயருக்குக் கீழே, 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், இயற்கையைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தது. பிளாஸ்டிக்கின் மேல். நான் தெருவில் சொன்ன அதே வாசகம்.

செயல் அலுவலர் ஜீப்பில் எங்களோடு வந்திருந்த படம் எடுப்பவரைக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜீப்ல நம்ம பை இருக்குல்ல, அத எடுத்தா. இவங்க பைய எடுத்துட்டு நம்ம மஞ்சப் பையக் குடு. அதையும் ஒரு படம் எடுத்துக்குவோம். 'மாற்றுப்பை வழங்கப்பட்டது'ன்னு போடலாம்" என்றார். அவருக்கு அது உண்மையிலேயே நல்ல யோசனையாகத்தான் பட்டது. எனக்கும் ஒரு கணம் பட்டது. யாரும் வெறுங்கையோடு போக வேண்டாம், சண்டையும் முடிந்தது.

கட்டைக் கொண்டுவந்து பிரித்தேன். மேலே இருந்த பையை எடுத்ததும் கை நின்றுவிட்டது. விரலில் நூல் தட்டுப்படவில்லை. புதுத் துணிக்குக் கஞ்சி போட்டிருப்பார்களோ என்று நினைத்தேன். கசக்கினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை கிடையாது, அதனால் நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். மஞ்சள் பை ஒரு கையில், ரோஸ் பை ஒரு கையில். மலர்க்கொடி அக்காவின் தம்பி, அந்த லாரிக்காரர், என் பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் பாதிக் கல்யாணம் வந்தது.

கடைப் பைகளைச் சோதிக்கப் பயிற்சியில் சொன்னது எனக்கு நினைவிருந்தது. சாம்பார் அண்டா இருந்த அடுப்பின் ஓரத்தில் ரோஸ் பையின் காதைக் காட்டினேன். சுருண்டது, கறுத்தது, சொட்டியது. மஞ்சள் பையின் காதைக் காட்டினேன். சுருண்டது, கறுத்தது, சொட்டியது. ஒரே நாற்றம்.

சமையல் மாஸ்டர் கரண்டியை எடுக்காமலேயே சொன்னார்: "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்கதான். சட்டதான் வேற."

சிரிப்பு எழுந்தது. செயல் அலுவலர் அதற்குள் வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ற நீ?"

"சார், நம்ம பையும் அதேதான் சார்."

"நம்மளுது அரசாங்கம் குடுத்த பை. டெண்டர்ல வந்தது."

லாரிக்காரர் கேட்டார்: "அரசாங்க பிளாஸ்டிக்குன்னு ஒண்ணு தனியா இருக்குங்களா சார்? எங்கள மாதிரி ஆளுங்க வாங்க முடியுமா?"

செயல் அலுவலரின் முகம் சிவந்தது. பறிமுதல் அறிக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார். சாட்சிக் கையெழுத்து பரப்புரையாளர்தான் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால் பைகள் ஜீப்புக்குப் போகும், மலர்க்கொடி அக்கா குற்றவாளி ஆவார்.

இங்கே நான் பெரிய வீராங்கனை மாதிரி நின்றேன் என்று நினைக்காதீர்கள். அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் போன் அடித்தது. மாமியார். காய்ச்சல் ஏறிவிட்டதோ என்று தோன்றியது, ஆனால் எடுக்க முடியவில்லை. ஒப்பந்த வேலை, ஒரு வார்த்தையில் போய்விடும். ஆனால் எவ்வளவு பயந்தாலும் எதிரே எரிந்த இரண்டு பையும் ஒன்றுதான். பயம் அதை மாற்றவில்லை.

"ரெண்டு பையையும் எழுதுங்க சார். ரோஸ் பை, மஞ்சப் பை, ரெண்டும் ஒரே பொருள்னு எழுதுனா கையெழுத்துப் போடுறேன்."

"ஒண்ணு மட்டும்தான் பறிமுதல்."

"அப்ப நான் சாட்சி இல்ல சார்."

அவர் என்னைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒரே ஒரு ரோஸ் பையை மாத்திரம் கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கிறேன்" என்று ஜீப்பில் ஏறினார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. நான் வெளியே ஓடிப் போனை எடுத்தேன். "காய்ச்சல் எறங்கிடுச்சின்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஏன் எடுக்கல?" என்றார் மாமியார். உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, "குடுங்க சம்பந்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முதல் ஆளாகக் கை நீட்டித் தாம்பூலம் வாங்கினார். அதன் பிறகு வரிசை நகர்ந்தது.

அதோடு முடிந்ததாக நினைத்தேன். முடியவில்லை. அடுத்த வாரம் மலர்க்கொடி அக்காவுக்கு நோட்டீஸ் போனது. தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நேரில் வந்து விளக்க வேண்டுமாம். ஒரு நகல் மண்டபத்துக்காரருக்கும் போயிருந்தது. அவர் எதற்கோ காத்திருந்தவர் போல, இனி அந்தத் தெருக்காரர்களுக்கு மண்டபம் கிடையாது என்று சொல்லிவிட்டார். சட்டப் பிரச்சினை வருகிறதாம். வேறு எந்தக் காரணமும் இல்லையாம். அடுத்த மாதத்துக்கு அங்கே ஏற்கெனவே நாள் குறித்திருந்த இன்னொரு கல்யாணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

மலர்க்கொடி அக்கா நோட்டீஸைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேசைக்கு.

"நான் என்னா கள்ளச்சாராயமா வித்தேன்? தெருவுல போறவரவல்லாம் 'உன்னாலதான் மண்டபம் போச்சு'ங்குறா. உன் பேச்சக் கேட்டதுக்குப் பேசாம தேங்காயக் கையில குடுத்து அனுப்பியிருப்பேன்."

"அக்கா, நான் பேசுறேன் சார்கிட்ட."

"நீ இனிமே எதுவும் பேச வேணாம் தாயி. நோட்டீஸ மட்டும் எடுத்துடு. மண்டபத்தத் தெருவுக்குத் திருப்பிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் போன பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் குப்பைக்கிடங்குக்குப் போய்ப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை. பெரிய பெரிய கம்பெனிப் பெயர்கள் மண்ணில் மக்காமல் பளபளவென்று கிடக்கும். நாம் அதைப் பொறுக்கிக் கட்டி சிமென்ட் ஆலை உலைக்கு எரிக்க அனுப்புகிறோம். அந்தக் கம்பெனிகளின் வாசலில் நம் ஜீப் ஒருநாளும் நின்றதில்லை. உற்பத்தி செய்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று கொள்கையில் எழுதியிருக்கிறது. நான் படித்திருக்கிறேன். ஆனால் ஜீப் நிற்கிற இடம் பூக்காரம்மா கூடை, தள்ளுவண்டி, இட்லிக்கடை, முந்திரி உடைக்கிறவள் வீட்டுக் கல்யாணம். பையைப் பிடித்திருக்கிற கை கண்ணுக்குத் தெரிகிறது, பையைச் செய்த கை தெரிவதில்லை என்பார்கள். தெரியும். தேடினால் தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அந்தக் கைக்குப் போகிற வழியை நான் கண்டுபிடித்தேன், சொல்கிறேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் போய்க் கலெக்டர் அலுவலகத்தின் குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். முந்தின நாள் முழுக்க என் கணவர் சொல்லிப் பார்த்தார். "நல்லது பண்ணனும்னா வெளியில நின்னு பண்ணு. சம்பளம் வாங்குற எடத்து மேலயே மனு குடுப்பாங்களா யாராச்சும்?" அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரிசையில் நிற்கும்போதுகூட இரண்டு தடவை வெளியே வந்து, இரண்டு தடவை திரும்ப நின்றேன். பின்னால் நின்ற பெரியவர், "உள்ள போறியா வெளிய போறியா, ஒண்ணு பண்ணும்மா" என்று சலித்துக்கொண்டார். உள்ளே போனேன். மனுவில் இரண்டு கோரிக்கை. ஒன்று, நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும். இரண்டு, கல்யாண வீட்டுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் இந்தப் பையைக் கொடுத்தவர் யார், செய்தவர் யார் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.

மனு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், படித்தவள்தான். அது ஒவ்வொரு மேசையாக இறங்கி, 'உரிய நடவடிக்கைக்காக' எங்கள் செயல் அலுவலரிடமே வந்து சேர்ந்தது. அவர் பார்த்தார். பிளாஸ்டிக் சம்பந்தப்பட்ட மனு என்றால் விசாரித்து அறிக்கை எழுத வேண்டியது பரப்புரையாளர். என்னிடமே தள்ளிவிட்டார்.

எங்கள் அலுவலக உதவியாளர் அக்கா அதை என் மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்தாடி. ஒரு மனு வந்திருக்கு. மனுதாரர் யாரோ பெரம்பலூர்க்காரியாம். ரொம்ப வாய் போல. நல்லா விசாரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயல் அலுவலர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"பாரும்மா, நானும் குடும்பஸ்தன்தான். மேலேருந்து படம் கேக்குறான், நான் ஓடுறேன். அந்தம்மா நோட்டீஸ ரத்து பண்ணிடுறேன். மண்டபத்துக்காரன்கிட்டயும் சொல்லிடுறேன். நீ என்ன பண்ற, 'மனுதாரரை நேரில் விசாரித்ததில் மனுதாரர் திருப்தி அடைந்தார்'னு எழுதி மனுவ முடிச்சுடு. அந்த ரெண்டாவது கோரிக்கைய விட்டுடு. உன் ஒப்பந்தமும் அடுத்த மாசம் புதுப்பிக்கணும்ல? கைக்கொழந்த வேற."

அன்பாகத்தான் சொன்னார். மிரட்டுகிறவரை எதிர்த்துக்கொள்ளலாம். அன்பாகச் சொல்கிறவரிடம்தான் நமக்குக் கை ஓடாது. நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அதுதான். நியாயமாகக் கொடுக்க வேண்டியதையே ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் உங்கள் வாயை வைக்கச் சொல்வார்கள்.

என்ன செய்வேன்? மாட்டேன் என்றால் நோட்டீஸ் நிற்கும். அந்தத் தெருவுக்கு மண்டபம் போனது போனதுதான். என் ஆத்திரத்துக்கு மலர்க்கொடி அக்காவைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. சரி என்றால், டெம்போவில் அடுத்த கட்டு மஞ்சள் பை வந்து இறங்கும். அடுத்த கல்யாண வீட்டில் இன்னொரு அம்மா என்னைப் பார்த்து நிம்மதியாக ஓடி வருவார்.

"விசாரிச்சு எழுதுறேன் சார். அறிக்கையோட ரத்து உத்தரவையும் இணைக்கணும். அத மொதல்ல குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

அவருக்குச் சந்தேகம் வரவில்லை. இணைப்பு இல்லாமல் அறிக்கை போகாது என்பது உண்மைதான். அன்று மாலையே உத்தரவில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

மறுநாள் நான் அதன் நகலை எடுத்துக்கொண்டு முதலில் மண்டபத்துக்காரரிடம் போனேன். அவர் படித்துவிட்டு, திரும்பப் படித்துவிட்டு, வேறு காரணம் தேடிப் பார்த்தார். "சட்டப் பிரச்சினைன்னுதானே சொன்னீங்க? தீந்துடுச்சி. வேற எதுவும் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். ஒன்றும் இல்லை என்றார். திருப்பி அனுப்பிய கல்யாணத்துக்கு அதே நாளைத் தருவதாக என் எதிரிலேயே போன் செய்தார்.

அங்கிருந்து அச்சுக்கடை. விசாரணை அலுவலர் நான்தானே, விசாரிக்க வேண்டும் அல்லவா? கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"தாம்பூலப் பை யாருகிட்ட வாங்குறீங்கண்ணே?"

"என்னம்மா தெரியாத மாதிரி கேக்குற? உங்க ஆபீஸுக்கு மஞ்சப் பை போடுறாரே, அவருதான். ஒரே டெம்போ. மொதல்ல உங்க ஆபீஸ்ல எறக்கிட்டு, மீதிய எனக்கு எறக்கிட்டுப் போவாரு."

சாயங்காலம் முந்திரிக் கொட்டகைக்குப் போய் உத்தரவை மலர்க்கொடி அக்காவின் கையில் கொடுத்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். மண்டபத்துக்காரர் போன் செய்ததையும் சொன்னேன். தலையை ஆட்டினார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"எங்களுக்கு அனுப்புன நோட்டீஸ எடுத்துட்டாங்க, சரி. அந்தப் பைய போட்டவனுக்கு எப்ப அனுப்புவாங்க?"

"அதத்தாங்க்கா எழுதப் போறேன்."

"உன் வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வரும்."

"அப்பறம் புள்ளைக்கு என்ன பண்ணுவ?"

பஸ் முழுக்க அதையேதான் யோசித்தேன். எனக்கு முன்னால் கல் லாரிகள் தார்ப்பாய் போடாமல் தூசி கிளப்பிக்கொண்டு போயின. அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. இப்போது பெரம்பலூரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். நான் செய்தது சரியா என்று வாரத்தில் பாதி நாள் சந்தேகம் வருகிறது, குறிப்பாகப் பாப்பாவுக்கு மருந்து வாங்குகிற நாட்களில். நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது, எந்த வரிசையில் எதைச் செய்வது என்று மட்டும் யோசியுங்கள். முதலில் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுங்கள். அவர் வெளியே வந்த பிறகு உண்மையை எழுதுங்கள். வரிசை மாறினால் இரண்டும் போய்விடும்.

மலர்க்கொடி அக்காவைப் பார்த்த மறுநாள் காலையில் அறிக்கையை எழுதினேன். முதல் கோரிக்கை நிறைவேறியது, உத்தரவு இணைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது கோரிக்கையின் பேரில் அச்சுக்கடையில் விசாரித்ததில், பறிமுதல் செய்யச் சென்ற பையையும் பதிலுக்குக் கொடுக்க அலுவலகம் வாங்கிய பையையும் வழங்கியவர் ஒருவரே எனத் தெரியவந்தது; மேல்நடவடிக்கை தேவை. எரிந்த ஓரத்தோடு நான் எடுத்துவைத்திருந்த இரண்டு பையையும் பின் அடித்து வைத்தேன். ஒரு நகலைக் கலெக்டர் அலுவலக மனுப் பிரிவுக்கே தபாலில் சேர்த்துவிட்டுத்தான் செயல் அலுவலரிடம் கொண்டுபோனேன்.

அவர் கடைசி வரியை முதலில் படித்தார். பிறகு மேலேயிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"திருப்தின்னு எழுதுறேன்னு சொன்னியேம்மா?"

"விசாரிச்சு எழுதுறேன்னுதான் சார் சொன்னேன். மனுதாரர நேர்ல விசாரிச்சேன். அவங்களுக்குத் திருப்தி இல்லையாம்."